அறிபுனை மாநாட்டில் ஆர்கெஸ்ட்ரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேர்ல்ட்கான் மாதிரியான பெரிய அறிவியல் புனைகதை மாநாடுகளில் சில வருடங்களில் முழு அளவு சிம்ஃபனிக் குழுவின் கச்சேரியும் உண்டு. முதல் தடவை போகிற நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இந்தப் பக்கம்.

புத்தகக்காரர்கள் கூடுகிற இடத்தில் ஆர்கெஸ்ட்ரா எதற்கு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கோயில் திருவிழாவில் கீபோர்டும் பேடும் வைத்து சினிமாப் பாட்டு பாடும் மெல்லிசைக் குழு. இங்கே பேச்சு அதைப் பற்றி இல்லை. முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ், பின்னால் ஊதுகருவிகள், அதற்கும் பின்னால் டிம்பனி முரசுகள் என எழுபது எண்பது பேர் உட்கார்ந்து வாசிக்கிற குழு.

வேர்ல்ட்கான் 1939இல் நியூயார்க்கில் தொடங்கியது. போர்க்காலத்தில் 1942 முதல் 1945 வரை நடக்கவில்லை. மற்றபடி வருடா வருடம் வேறு வேறு ஊரில் நடக்கிறது. நடத்துவது கம்பெனி இல்லை, சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அதனால் அந்தந்த வருடக் குழுவுக்கு எதில் ஆசையோ அது நிகழ்ச்சியில் வந்துவிடும். 2014 ஆகஸ்ட் 14 முதல் 18 வரை லண்டன் எக்ஸெல் வளாகத்தில் நடந்த மாநாட்டில் 'வேர்ல்ட்கான் ஃபில்ஹார்மோனிக்' என்ற பெயரில், அந்த மாநாட்டுக்கென்றே கூட்டிய ஒரு குழு வெள்ளிக்கிழமை மாலை வாசித்தது. அறிபுனைக்கான ஹ்யூகோ விருது, வேஷப் போட்டி ஆகியவற்றோடு அதுவும் ஒரு பெரிய இரவு நிகழ்ச்சி.

எதற்கு என்ற கேள்விக்கு என் சொந்தப் பதில்: விண்வெளிப் படங்களில் இந்த இசையை நாம் கேட்டதெல்லாம் வெடிச்சத்தத்துக்கும் வசனத்துக்கும் அடியில்தான். இங்கே கப்பலும் இல்லை, வெடியும் இல்லை, மிச்சம் இருப்பது இசை மட்டும். இருபது தடவை பார்த்த படத்தில் ஒரு பிரெஞ்சு ஹார்ன் அவ்வளவு நேரமும் என்ன செய்துகொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

தனி டிக்கெட் வாங்க வேண்டுமா?

வேர்ல்ட்கானில் 'டிக்கெட்' என்ற சொல்லே அவ்வளவாகக் கிடையாது. நீங்கள் காசு கட்டிச் சேருவது உறுப்பினராக. கழுத்தில் தொங்கும் பேட்ஜ்தான் எல்லாவற்றுக்கும் நுழைவு. லண்டனில் கச்சேரியும் அதில் அடக்கம். ஆனால் உள்ளே போகிற உரிமை வேறு, உட்கார இடம் கிடைப்பது வேறு. 2019இல் டப்ளினில் பெரிய நிகழ்ச்சிகளுக்குக் கூட்டம் தாங்காமல் முன்கூட்டியே கைப்பட்டை கொடுத்தார்கள். பட்டை இல்லாதவருக்கு இடம் இல்லை. உங்கள் மாநாட்டில் என்ன ஏற்பாடு என்பதை அன்று காலையே தகவல் மேசையில் கேட்டுவிடுங்கள். சாயங்காலம் கேட்டால் பட்டை தீர்ந்திருக்கும்.

சேரும் கட்டணம் நாள் நெருங்க நெருங்க ஏறும். கச்சேரி அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்து சேர்ந்தால் கூடுதலாகத்தான் கட்டுவீர்கள்.

எவ்வளவு நேரம் முன்னால் போய் நிற்பது?

ஒரு மணி நேரம். முன்வரிசை ஆசை இருந்தால் இன்னும் முன்பே.

வரிசையில் நிற்பதை வீண் என்று நினைக்காதீர்கள். நான் ஒருமுறை நின்றபோது முன்னால் இருந்தவர் பேட்ஜுக்குக் கீழே ஒட்டிய ரிப்பன்கள் முழங்கால் வரை தொங்கின. (ஒவ்வொரு குழுவும் ஒரு வாசகம் அச்சடித்த ரிப்பன் கொடுக்கும், சேர்த்துச் சேர்த்து ஒட்டிக்கொள்வது அங்கே ஒரு விளையாட்டு.) பின்னால் இருந்த அம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே, அன்றைக்கு வாசிக்கப் போகிறதில் எதை எந்தப் படத்தில் வெட்டிக் குறுக்கினார்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தார். கதவு திறந்தபோது எனக்கே வருத்தமாக இருந்தது.

எக்ஸெல் மாதிரி வளாகமாக இருந்தால் நடக்கிற நேரத்தையும் கணக்கில் வையுங்கள். அது மிக நீளமான கட்டடம். மேற்கே கஸ்டம் ஹவுஸ் ரயில் நிலையம், கிழக்கே பிரின்ஸ் ரீஜென்ட். தப்பான முனையில் இறங்கினால் கட்டடத்தின் நீளம் முழுவதும் உங்கள் காலுக்கு.

பொதுவாக என்ன வாசிப்பார்கள்?

மூன்று வகை கலந்து இருக்கும்.

படங்களுக்கென்றே எழுதியவை முதல் வகை. ஜான் வில்லியம்ஸ் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு எழுதியதை 1977இல் லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா வாசித்துப் பதிவு செய்தது. எல்லோரும் முணுமுணுக்கும் வில்லன் அணிவகுப்பு முதல் படத்தில் கிடையாது; 1980இல் வந்த இரண்டாம் படத்தில்தான் வந்தது. மாநாட்டில் இதைத் தவறாகச் சொன்னால் குறைந்தது மூன்று பேர் திருத்துவார்கள், அன்பாகத்தான்.

ஏற்கெனவே இருந்த இசையைப் படம் எடுத்துக்கொண்டது இரண்டாம் வகை. இதற்கு ராஜா '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், அலெக்ஸ் நார்த் என்பவரிடம் புதிதாக இசை எழுதி வாங்கினார். அப்புறம் அதை அப்படியே ஒதுக்கிவிட்டு, வெட்டுமேசையில் தற்காலிகமாகப் போட்டுப் பார்த்த பழைய இசைத்தட்டுகளையே வைத்துக்கொண்டார். தன் இசை படத்தில் இல்லை என்பதே நார்த்துக்குப் படம் பார்க்கும்போதுதான் தெரிந்தது. அந்த மனிதரின் நிலைமையை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது. ஆனால் 1896இல் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் எழுதிய 'இவ்வாறு பேசினான் ஜரதுஷ்ட்ரா'வின் தொடக்கமும், 1866இல் இன்னொரு ஸ்ட்ராஸ் எழுதிய டான்யூப் வால்ட்ஸும் (இரண்டு பேருக்கும் உறவில்லை) இன்றைக்கு விண்வெளியின் சொந்தப் பாட்டு ஆகிவிட்டன.

மூன்றாம் வகை, படத்தோடு சம்பந்தமே இல்லாதது. குஸ்டாவ் ஹோல்ஸ்டின் 'கோள்கள்' இதில் முதல் இடம். 1914க்கும் 1916க்கும் இடையில் எழுதியது. 1918 செப்டம்பர் 29 அன்று லண்டன் குவீன்ஸ் ஹாலில் ஏட்ரியன் போல்ட் நடத்த முதலில் ஒலித்தது. ஏழு கோள்கள்தான். பூமி இல்லை. புளூட்டோவும் இல்லை, அது கண்டுபிடிக்கப்பட்டதே 1930இல்தான். 2006இல் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்ததும் ஹோல்ஸ்டின் கணக்கு மறுபடி சரியாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அறிவியல் ரசிகர்கள் கூடிக் கொண்டாடும் இந்தப் படைப்பு வானியலிலிருந்து வரவில்லை, ஜோதிடத்திலிருந்து வந்தது. செவ்வாய் போரைக் கொண்டுவருபவன், வெள்ளி அமைதியைத் தருபவள் என்று ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு குணம். நவக்கிரகம் சுற்றுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஹோல்ஸ்ட் சமஸ்கிருதம் படித்து ரிக்வேதப் பாடல்களைத் தானே மொழிபெயர்த்து இசையமைத்தவர், சாவித்திரி கதையை ஓபராவாக எழுதியவர் என்பது கூடுதல் தகவல்.

எனக்கு மேற்கத்திய சங்கீதம் தெரியாது. போய் முழித்துக்கொண்டு உட்கார வேண்டுமா?

வேண்டாம். சரளி வரிசை வரை போனவர் என்றால் உங்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். வகுப்புப் பக்கமே போகாதவருக்கும் காது உண்டு.

ஜரதுஷ்ட்ராவின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அடியில் ஒரு உறுமல்: ஆர்கன், டபுள் பேஸ், பெரிய டிரம் எல்லாம் சேர்ந்து கீழ் ஷட்ஜத்தைப் பிடித்து நிற்கும். அது காதுக்கு வருவதற்கு முன்பே நாற்காலிக்கு வந்துவிடும். அதன் மேல் டிரம்பெட்டுகள் ச, ப, மேல் ச என்று மூன்றே ஸ்வரம் ஏறும். உடனே முழுக் குழுவும் ஒரே அடியில் அந்தர காந்தாரத்தை (மேலே உள்ள க) தொட்டு, சட்டென்று சாதாரண காந்தாரத்துக்கு (அதற்கு அடுத்துக் கீழே உள்ள க) இறங்கும். வெளிச்சம் வந்து அணைந்த மாதிரி இருக்கும். டிம்பனி ச–ப, ச–ப என்று மாறி மாறி இடிக்கும். இரண்டாம் தடவை அதே ச ப ச, ஆனால் இப்போது சாதாரண காந்தாரத்திலிருந்து அந்தரத்துக்கு ஏற்றம். மூன்றாம் தடவை மேலே மேலே போய் உச்சியில் முடியும். எல்லா வாத்தியமும் நின்ற பிறகும் ஆர்கன் மட்டும் ஒரு கணம் தனியாக நிற்கும். மொத்தமே ஒன்றரை நிமிடம் சுமார். ஒரு காந்தாரத்தை ஒரே ஒரு ஸ்தானம் நகர்த்தி ஒருவர் சூரியோதயம் காட்டிவிட்டார்.

ஹோல்ஸ்டின் செவ்வாய் ஐந்து அட்சரத்தில் போகும். கண்ட நடை பழகியவர்கள் தொடையில் தட்டிப் பார்க்கலாம், சத்தம் வராமல். தொடக்கத்தில் வயலின்காரர்களின் கையைக் கவனியுங்கள். வில்லைத் திருப்பிப் பிடித்து, மயிரால் இழுக்காமல் கம்பால் தந்தியைத் தட்டுவார்கள். எலும்பு உரசுகிற மாதிரி ஒரு கடகட. இசைத்தட்டில் அது ஏதோ தாளவாத்தியம் என்றே பல வருடம் நினைத்திருந்தேன்.

எப்போது கைதட்டுவது?

செவ்வியல் அரங்குகளில் ஒரு படைப்பின் எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகே தட்டுவது வழக்கம். மாநாட்டில் இவ்வளவு கறார் கிடையாது. தெரிந்த பாட்டின் முதல் இரண்டு ஸ்வரம் வந்ததுமே ஆரவாரம் எழும், தலைவர் படத்தில் முதல் காட்சிக்கு விசில் பறக்கிற மாதிரி. வாசிக்கிறவர்களும் அதை ரசிப்பார்கள். சந்தேகம் இருந்தால் குழுவுக்கு முன்னால் நின்று கையசைக்கும் நடத்துநரின் கையைப் பாருங்கள். கை மேலே நிற்கிற வரைக்கும் இசை முடியவில்லை, சத்தம் இல்லாவிட்டாலும்.

ஒரே ஒரு இடத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். 'கோள்க'ளின் கடைசிப் பகுதி நெப்டியூன். அதில் பெண்கள் மட்டும் பாடும் ஒரு கோரஸ் மேடைக்கு வெளியே, பார்வையில் படாமல் இருக்கும். கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் பாட, இடையில் உள்ள கதவை மெல்ல மெல்லச் சாத்த வேண்டும் என்று ஹோல்ஸ்டே எழுதி வைத்திருக்கிறார். முடிவு எங்கே என்று யாருக்கும் தெரியாது. மாநாட்டு வளாகத்தில் இதைச் செய்வது சிரமம், ஏனென்றால் கதவுக்கு வெளியே இருப்பது நடைபாதை, நடைபாதையில் திருவிழாக் கூட்டம். நான் போன ஒன்றில், வாயில் விரல் வைத்த படம் வரைந்த அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு தன்னார்வலர் பையன் வெளியே நின்றான். பத்துப் பன்னிரண்டு பேர் கோரஸை ஒட்டிச் சுவரோரமாக அசையாமல் நின்றார்கள். அதில் ஒருவர் முழு ரோபோ வேஷம்; அடியெடுத்தால் கிறீச்சிடும் என்று ஒற்றைக் காலைத் தூக்கியபடியே நின்றாராம். உள்ளே இருந்த எங்களுக்கு இது பிறகுதான் தெரிந்தது. கதவு முழுதும் சாத்திய பிறகும் யாரும் வெகுநேரம் தட்டவில்லை.

வேஷம் போட்டுக்கொண்டு போகலாமா?

தாராளமாக. மூன்று விஷயம் மட்டும். உயரமான தொப்பி, கொம்பு, ஆன்டெனா எதுவாக இருந்தாலும் உட்காரும்போது கழற்றி மடியில் வையுங்கள்; பின்னால் இருப்பவர் பார்ப்பதற்கு உங்கள் கொம்பு மட்டும்தான் என்றால் நியாயமில்லை. மினுங்கும் எல்இடி விளக்குகளை அணையுங்கள். பிளாஸ்டிக் கவசம் என்றால் உட்கார்ந்து எழுந்து ஒத்திகை பார்த்துவிட்டு வாருங்கள், அது எழுப்பும் சத்தம் உங்களுக்கே தெரியாது.

திரையில் படம் ஓடுமா?

பெரும்பாலும் ஓடாது. படத்தோடு சேர்த்து நேரடியாக வாசிப்பது தனிக் கலை. நடத்துநருக்கு முன்னால் ஒரு சிறிய திரை இருக்கும். அதில் குறுக்கே ஒரு கோடு நகர்ந்து வரும், இன்ன இடத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி பளிச்சிடும், அதைப் பிடித்துக்கொண்டு எண்பது பேரையும் படத்தோடு ஓட்ட வேண்டும். படத்துக்கும் இசைக்கும் தனித்தனி உரிமை வேறு வாங்க வேண்டும். மாநாட்டுக் குழுக்கள் கச்சேரிக்கென்று தொகுத்த பகுதிகளை மட்டும் எடுத்து வாசிப்பதுதான் வழக்கம். எனக்கு அதுவே பிடிக்கும். திரை இருந்தால் கண் அங்கேதான் போகும். செல்லோக்காரர் நெற்றி வியர்வையை யார் பார்ப்பது?

பதிவு செய்யலாமா?

கூடாது. அதே உரிமைப் பிரச்சினை. ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுக்கலாமா என்பதை வாசலில் இருப்பவரிடம் கேளுங்கள்.

பின்னணியில் தெரமின் வாசிப்பார்கள் என்கிறார்களே, அது என்ன?

தொடாமல் வாசிக்கும் வாத்தியம். 1920 வாக்கில் லெவ் தெரமின் என்ற ரஷ்யர் செய்தது. ஒரு கம்பிக்குப் பக்கத்தில் ஒரு கையை அசைத்தால் ஸ்வரம் மாறும், இன்னொரு கை ஒலியைக் கூட்டிக் குறைக்கும். ஊளையும் பாட்டும் கலந்த அந்தக் குரலை 1951இல் வந்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்தில் பெர்னார்ட் ஹெர்மன் இரண்டு தெரமின் வைத்துப் பயன்படுத்தினார். அதிலிருந்து வேற்றுக்கிரகவாசி என்றாலே அந்தச் சத்தம்தான். கச்சேரியில் தெரமின் இருந்தால் வலதுபக்கமோ இடதுபக்கமோ, அந்தக் கைகள் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். கமகம் தெரிந்தவருக்கு அது பெரிய விருந்து.

'டாக்டர் ஹூ' என்ற பிபிசி தொலைக்காட்சித் தொடரின் இசையைக் குழு வாசிக்கக் கேட்டால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ரான் கிரெய்னர் எழுதிய அந்த மெட்டை 1963இல் பிபிசியின் ஒலிக்கூடத்தில் டெலியா டெர்பிஷயர் நாடா நாடாவாக வெட்டி ஒட்டி உண்டாக்கினார். மூலத்தில் ஒரு வயலின்கூட இல்லை. மேடையில் நீங்கள் கேட்பது கத்தரிக்கோலால் செய்ததை வில்லால் செய்து பார்க்கும் முயற்சி. சிலது பொருந்தும், சிலது பொருந்தாது. எனக்குப் பழைய நாடாதான்.

ஒலி எப்படி இருக்கும்?

உண்மையைச் சொன்னால் சுமார். மாநாட்டுக் கூடங்கள் பேச்சுக்குக் கட்டியவை. தரையில் கம்பளம், சுவரில் துணி, கூரையில் ஏசி. இசை அரங்கில் வருகிற மிதப்பு வராது. மைக் வைத்துத் தூக்குவார்கள், சில நேரம் தாளவாத்தியம் மற்றதை விழுங்கிவிடும். முன்வரிசையைவிட நடுவில், ஒலிக்கலவை மேசைக்குப் பக்கத்தில் உட்காருவது புத்திசாலித்தனம். அந்த மேசைக்காரர் தன் காதுக்கு எது சரியோ அதைத்தான் செய்வார்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

போகலாம், ஓரத்து இருக்கையாகப் பார்த்து. செவ்வாய்ப் பகுதியின் முடிவு மிகவும் சத்தம். சின்னக் குழந்தைக்குக் காதுக்கவசம் இருந்தால் நல்லது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் நிற்க முடியாதவர்களுக்கும் தனி இடம் ஒதுக்குவதில் இந்த மாநாடுகள் நிஜமாகவே அக்கறையாக இருக்கும். வரிசையில் நிற்காமல் நேராகத் தன்னார்வலரிடம் சொல்லுங்கள்.

இருமல் வந்தால்?

வரும். ஐந்து நாள், ஏசி, ஆயிரக்கணக்கான பேர். மாநாட்டுச் சளிக்கு அவர்களே தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். மிட்டாயின் தாளை வெளியிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மெதுவான பகுதியில் மெதுவாகப் பிரித்தால் சத்தம் குறையும் என்று நினைப்பது தப்பு, நீளும்.

தனி ஆவர்த்தனம் வந்ததும் காபிக்கு எழுந்து போகிற சபா பழக்கம் இருந்தால் அதையும் வெளியிலேயே விட்டுவிடுங்கள்.

சாப்பாடு?

இரவுக் கச்சேரி சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் வரும். முன்னால் சாப்பிட்டுவிடுங்கள், வளாகத்துக்குள் விலை அதிகம். எக்ஸெல் நியூஹாம் பகுதியில் இருக்கிறது, ஈஸ்ட் ஹாமும் அதே நியூஹாம்தான். லண்டன் தமிழர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை: தோசையோ கொத்து ரொட்டியோ முடித்துவிட்டே வரலாம்.

கச்சேரி முடிந்த பிறகு?

ஃபில்க் அறையைத் தேடிப் போங்கள். அறிபுனை ரசிகர்கள் தாங்களே எழுதிப் பாடும் பாட்டுக்கு அந்தப் பெயர். 1950களில் ஒரு கட்டுரைத் தலைப்பில் 'ஃபோக்' என்பது அச்சுப்பிழையாக 'ஃபில்க்' ஆனது, பிழையே நிலைத்துவிட்டது. வட்டமாக நாற்காலி, ஒன்றிரண்டு கிதார், முறை வைத்துப் பாட்டு, நள்ளிரவு தாண்டியும் ஓடும். எண்பது பேர் வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்து, அதே மெட்டில் ஒருவர் தன் பூனையைப் பற்றிப் பாடுவதைக் கேட்பது தனிச் சுகம்.

மாநாட்டுக்குப் போகக் காசில்லை. வேறு வழி உண்டா?

லண்டனில் கோடையில் நடக்கும் பிபிசி ப்ராம்ஸ் இசைவிழாவில் 'டாக்டர் ஹூ' கச்சேரிகள் 2008 தொடங்கிச் சில தடவை வந்திருக்கின்றன. ராயல் ஆல்பர்ட் ஹாலில் நின்று கேட்கும் இடத்துக்குக் கட்டணம் குறைவு, கால் வலி அதிகம். ஹோல்ஸ்டின் 'கோள்கள்' உலகத்தில் எங்காவது ஒரு குழு வாசித்துக்கொண்டேதான் இருக்கும். அந்த ரோபோக்காரர் மட்டும் அங்கே இருக்க மாட்டார்.

அடுத்த வருடமும் இதே குழு வாசிக்குமா?

நம்பிப் பயணச்சீட்டு போடாதீர்கள். மாநாடு ஊர் மாறும், நடத்துகிறவர்கள் மாறுவார்கள். 2024இல் கிளாஸ்கோ, 2025இல் சியாட்டில் என்று கண்டம் தாண்டிப் போகிற விஷயம். ஒவ்வொரு ஊரும் தன்னிடம் என்ன இருக்கிறதோ அதைத்தான் மேடையேற்றும். நிகழ்ச்சி நிரல் வெளியானதும் வெள்ளி, சனி இரவுகளை முதலில் பாருங்கள். இருந்தால் அந்த நேரத்துக்கு வேறு எதையும் குறித்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் அடுத்த அறையில் பேசினாலும்.